மக்காச்சோளத்து மூலையில் ஒரு கொடி

தனசேகரன் மக்காச்சோளத்தைச் சுற்றிக் கம்பி கட்டியது வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் ஆள் வைக்காமல் தனியாகக் கட்டினார். மனைவி ஜெயம்மாளுக்குத் தெரிந்தால் அன்றோடு அவளுக்குச் சோறு இறங்காது. மகள் தமிழ்மொழிக்குத் தெரிந்தால் இவருக்கு இறங்காது. பெங்களூரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கிற பெண், அரையாண்டு லீவுக்கு வந்திருந்தாள். தட்டில் எறும்பு ஏறினால் ஊதி இறக்கிவிட்டுச் சாப்பிடுகிற ரகம் அவள்.

வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை இறங்கி வந்து நிற்கிற இடத்தில் அவர் நிலம். மார்கழியில் கதிர் பால் பிடித்துவிட்டால் போதும், மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் குடும்பம் குடும்பமாக இறங்கிவிடும். தின்பது கொஞ்சம், சாய்த்து மிதிப்பது நிறைய. பட்டாசு வெடித்துப் பார்த்தார். ஜெயம்மாளின் பழைய புடவைகளைச் சுற்றிலும் கட்டிப் பார்த்தார். பன்றிகள் சட்டையே செய்யவில்லை. போன வருஷம் அவருக்கு மிஞ்சியது மாட்டுக்குப் போடுகிற தட்டைதான்.

பக்கத்துக் கொல்லை மாயவன்தான் வழி சொன்னார். "நீ ஒருத்தன் யோக்கியனா இருந்துகினு இன்னாண்ணே பண்ணப் போற? இப்ப நான் லைன் போட்டுட்டேன். பன்னி என் கொல்லைய வுட்டுட்டு எங்க வரும்? உன் கொல்லைக்குத்தான் வரும்."

அது சரியாகத்தான் பட்டது. இந்த மாதிரிக் காரியங்கள் எல்லாமே சொல்லும்போது சரியாகத்தான் படும்.

அடிவாரத்தில் இதற்கென்று ஒரு முறை இருந்தது. கம்பியில் கரண்ட் கொடுப்பவர்கள் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் போலீஸ், கேஸ். சொல்வதற்குப் பதிலாகக் கொல்லையின் மூலையில் ஒரு சவுக்குக் கழியை நட்டு, அதன் உச்சியில் வெள்ளை யூரியா சாக்கு ஒன்றைக் கட்டிவிடுவார்கள். ஆடு மேய்ப்பவர்களுக்கும் புல் அறுப்பவர்களுக்கும் அது போதும். பொழுது சாய்ந்தபின் அந்த வரப்புப் பக்கம் ஒருத்தரும் போக மாட்டார்கள். போன வருஷம் மேற்கே ஒரு ஊரில் காற்றில் சாக்கு அறுந்து விழுந்துவிட்டது. கன்றுக்குட்டியைத் தேடிப் போன ஆள் திரும்பி வரவில்லை. மாரடைப்பு என்று சொல்லி மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் எரித்துவிட்டார்கள். தனசேகரனும் போய் மாலை போட்டுவிட்டு வந்தார். அங்கே நின்றிருந்த அத்தனை பேரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் அவர் ரொம்ப ஜாக்கிரதையான மனிதர் என்று தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார். சாக்கை அறுந்து விழாதபடி கம்பியாலேயே கட்டினார். மகள் வீடு வந்து சேர்ந்தாளா என்று பார்க்காமல் ஒரு நாளும் ஃபியூஸைச் சொருகியதில்லை. வாசற்படியில் அவளுடைய ரப்பர் செருப்பு கிடக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மோட்டார் கொட்டகைக்குப் போவார்.

மகளைப் பற்றிக் கவலைப்படக் காரணம் இருந்தது. அவள் தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த கரம்பில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தாள்.

வடக்கனந்தலில் கோல்ஃபா என்று சிரிக்கலாம். ஊரும் சிரித்தது. அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் பணக்காரப் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லித் தருகிறார்கள். லீவு முடிந்து போனதும் அவளுக்கு ஒரு தேர்வு இருந்தது. அதில் தேறினால் கோச், நிரந்தர வேலை. தேறாவிட்டால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விசில் ஊதுவதோடு சரி, அதுவும் இந்த வருஷத்தோடு. பள்ளிக்கூடத்து மட்டைகளை லீவில் பூட்டிவிடுவார்கள் என்பதால், வேண்டாம் என்று தூக்கிப் போட்ட குட்டை இரும்பு மட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள்.

வந்த முதல் நாளே அப்பாவைக் கரம்புக்கு இழுத்துப் போய் விளக்கினாள். "தூரத்துல ஒரு கொடி நட்டு வெச்சிருப்பாங்கப்பா. இங்கேருந்து அடிச்சா அந்தக் கொடிகிட்ட போயி வுழணும். அவ்ளோதான் ஆட்டம். இங்க கொடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. குத்துமதிப்பா அடிச்சிக்கினு கெடக்கறேன்."

தனசேகரன் உம் கொட்டினார். காது மகளிடம் இருந்தது, கண் மக்காச்சோளத்தில் இருந்தது. கரம்பு முடிகிற இடத்தில் அது ஆளுயரத்துக்கு மேல் நின்றது. அவள் அடித்த பந்து கரம்பின் நடுவில் இருந்த நுணா மரத்தைத் தாண்டவில்லை. அன்றைக்கும் தாண்டவில்லை, அடுத்த நாளும் தாண்டவில்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் அவர் கம்பியை இழுத்தார். கதிர் காத்திருக்காது, பந்தும் அவ்வளவு தூரம் வராது. வேலை முடிந்ததும் கரம்பைப் பார்த்த மூலையில் கழியை நட்டு, சாக்கைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தார்.

மறுநாள் சாயங்காலம் தமிழ்மொழி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து, மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அப்பாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் அப்படிச் செய்வாள்.

"நீ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்ட. ஆனா செஞ்சிருவ," என்றாள்.

எதைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் கேட்க இனிமையாக இருந்தது. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "புது மட்ட வாங்கணும்ன்னியே, நாளைக்கிப் போலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"போலாம்ப்பா. இத வெச்சிக்கினு அங்க வரைக்கும் போவாது."

அங்கே என்றால் எங்கே என்றும் அவர் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் இருவரும் வண்டியில் கள்ளக்குறிச்சி போனார்கள். துருகம் ரோட்டில் அன்புச்செல்வன் என்பவரின் விளையாட்டுச் சாமான் கடை. தமிழ்மொழியோடு காலேஜில் படித்தவர். கபடி பனியன், கேரம் போர்டு, வெற்றிக் கோப்பைகளுக்கு நடுவில் அவளுக்காகவே இரண்டு பழைய கோல்ஃப் மட்டைகளைப் பெங்களூரிலிருந்து சொல்லி வரவழைத்து வைத்திருந்தார். இரண்டுமே ஹைப்ரிட்.

"ஹைப்ரிட்னா? வெதச் சோளம் கணக்கா?" என்று கேட்டார் தனசேகரன்.

அன்புச்செல்வன் சிரித்தார். "கிட்டத்தட்ட அப்படித்தாங்க. இரும்பு மட்டன்னு ஒண்ணு இருக்குது, நேரா போவும், ஆனா தூரத்துக்கு அடிக்கறது கஷ்டம். பெரிய மண்டை வெச்ச மட்ட ஒண்ணு, தூரம் போவும், ஆனா நம்ம சொன்ன எடத்துல வுழாது. ரெண்டையும் சேத்து ஒட்டுக் கட்டனது இது. புல்லுல கெடந்தாலும் சரி, கட்டாந்தரைல கெடந்தாலும் சரி, பந்த நோவாம தூக்கிக் குடுத்துரும். முழு செட்டு வாங்கறதுன்னா நம்மால ஆவாது. ஒண்ணே ஒண்ணு வெச்சிக்கினு சமாளிக்கணும்னா இதாங்க."

தமிழ்மொழி முதல் மட்டையை எடுத்துக் கடைக்கு வெளியே நின்று வீசிப் பார்த்தாள். தலை பளபளவென்று இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அதன் மேல் மனசு போய்விட்டது. ஆனால் பிடி தேய்ந்து, ரப்பர் பிளந்து, உள்ளே இருக்கிற இரும்புக் குழாய் தெரிந்தது. இரண்டாவது மட்டை கொஞ்சம் குட்டை. பெண்களுக்கென்று செய்தது, பஸ்ஸில் தலைக்கு மேலே உள்ள பலகையில் குறுக்கே வைத்துவிடலாம் என்றார் அன்புச்செல்வன். அதன் தலையில் கீறல்கள் இருந்தன. பிடி மட்டும் அப்போதுதான் மாற்றியது, தடித்த கறுப்பு ரப்பர். இரண்டும் கையைக் கடிக்காத விலைதான்.

"மொதல்ல எடுத்ததுதான்ப்பா எனக்கு," என்றாள்.

தனசேகரன் இரண்டையும் வாங்கி மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு மட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. மண்வெட்டி வாங்கினாலும் கடப்பாரை வாங்கினாலும் பிடியைப் பார்த்துத்தான் வாங்கிப் பழக்கம். "இன்னாம்மா இது, புடியே கிழிஞ்சு கெடக்குது. கையில காயம் பட்டா யாரு பாக்கறது? அந்தக் குட்டையா இருக்கறத எடு. பஸ்ல போறவளுக்கு அதான் தோது."

"புடிய அப்புறம் மாத்திக்கலாம்ப்பா."

"அப்புறம் எங்க மாத்தற? நீ மாத்த மாட்ட. எனக்குத் தெரியும்."

அவள் அன்புச்செல்வனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். கடைசியில் குட்டை மட்டைதான் வாங்கினார்கள். "இது எவ்ளோ தூரம் அடிக்கும்?" என்று கிளம்பும்போது தனசேகரன் கேட்டார், பேச்சுக்குத்தான்.

"தங்கச்சி கைக்கு, இப்ப அடிக்கறத வுட ரொம்பவே ஜாஸ்தி போவும்ங்க. இன்னிக்கே பாருங்க நீங்க."

தனசேகரனுக்குப் பெருமையாக இருந்தது. வழியெல்லாம் மகள் பின்னால் உட்கார்ந்து மட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கச்சிராயபாளையம் தாண்டியதும் மலை முன்னால் எழுந்து நின்றது. அதன் மேல் மேகம் அடைத்துக்கொண்டிருந்தது. காற்று குளிர ஆரம்பித்திருந்தது. நல்லபடியாக ஒரு காரியம் முடிந்தால் வருகிற நிம்மதி அவருக்கு அன்று வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. வண்டியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பால் ஊற்றப் போய்விட்டார். சொசைட்டியில் கூட்டம். திரும்பி வருவதற்குள் பொழுது இறங்கிவிட்டது. மார்கழிப் பொழுது, இறங்குகிறது தெரியாமல் இறங்கிவிடும். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே மாயவன் போன் செய்தார்.

"அண்ணே, எறங்கிடுச்சு. இன்னிக்கு சீக்கிரமாவே எறங்கிடுச்சு. ஓடையில சத்தம் கேக்குது. என்து போட்டாச்சு, நீ போட்டுட்டியா?"

தனசேகரன் வாசற்படியைப் பார்த்தார். ரப்பர் செருப்பு கிடந்தது. இரண்டும் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது. கொல்லைப்புறத்துக் குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவர் கரம்பைத் திரும்பியும் பாராமல் நேராக வடக்கு ஓரமாக நடந்து மோட்டார் கொட்டகைக்குப் போனார். கொட்டகைக்குள் இருட்டு. ஃபியூஸைச் சொருகினார். டப் என்று சின்னதாக ஒரு சத்தம், குண்டு பல்பு எரிந்தது, அவ்வளவுதான். கம்பி எதுவும் பேசாது. கொல்லைக்குள் சோளத் தட்டைகள் மட்டும் உரசிக்கொண்டு நின்றன.

திரும்பி வந்தபோது, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குளியலறையிலிருந்து வந்தவள் ஜெயம்மாள்.

"எங்க அவ?" என்றார்.

"இன்னும் வரலியே."

"செருப்பு கெடக்குதே."

"புது மட்ட வாங்கி இருக்காளாம், அதுக்குன்னு புது ஷூ போட்டுக்கினு போயிருக்கா. பரீச்சைக்குன்னு வெச்சிருந்தாளே, அந்த ஷூவு." ஜெயம்மாள் சிரித்தாள். "ஒரு வாட்டியாச்சும் அந்தக் கொடி வரைக்கும் அடிச்சிட்டுத்தான் வருவேன்னுட்டுப் போனா."

"இன்னா கொடி?"

"இன்னா கொடின்னு என்னயக் கேக்கறீங்க. சோளக் கொல்ல மூலையில வெள்ளையா நீங்க நட்டு வெச்சீங்களாமே, அவளுக்காவ. எங்கப்பா நான் கேக்காமயே செஞ்சி வெச்சிருக்காருன்னு ரெண்டு நாளா அதையே சொல்லிக்கினு கெடக்கா."

தனசேகரனின் கை அதுபாட்டுக்கு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டது. வீட்டுக்குள்ளே, டி.வி.க்குப் பக்கத்தில், சார்ஜில் கிடந்த போன் அடித்தது.

ஓடினார். கரம்புக்குள் இறங்கியதும் அவள் தெரிந்தாள். நுணா மரத்தைத் தாண்டி, மக்காச்சோளத்தைப் பார்த்து, நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை, தோளில் மட்டை. அவளுக்கு எதிரே மூலையில் அந்தச் சாக்கு மலைக்காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. இதுவரை அவர் கண்ணுக்கு அது சாக்காகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் கொடிதான். யார் பார்த்தாலும் கொடி என்றுதான் சொல்வார்கள்.

"தமிழு, நில்லு. கிட்ட போவாத," என்று கத்தினார்.

பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. காற்று மலையிலிருந்து அவர் முகத்துக்கு அடித்தது. அவர் கத்தியது எல்லாம் அவருக்குப் பின்னால்தான் போனது. என்னவோ கேட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா ஓடி வருவதைப் பார்த்ததும் மட்டையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். பிறகு அந்த மட்டையால் சாக்குப் பக்கம் காட்டினாள். அங்கே விழுந்துவிட்டது, பார் என்கிறாள். சந்தோஷத்தில் ஒரு குதி குதித்துவிட்டு, மறுபடி நடந்தாள்.

அவளை ஓடிப் பிடிக்க முடியாது. அது அவருக்குத் தெரிந்தது. கொட்டகை வலது பக்கம், கிட்டத்தில் இருந்தது. மகளை விட்டுவிட்டு வேறு பக்கம் ஓடுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவர் அறிந்தார். திரும்பிப் பார்க்காமல் ஓடினார். பார்த்தால் கால் நின்றுவிடும். கல் தடுக்கி விழுந்தார், எழுந்தார். அவருக்கு வேண்டிய சாமி எல்லாம் இருந்தது, ஒன்றின் பெயரும் வாயில் வரவில்லை. கொட்டகைக்குள் பாய்ந்து வெறும் கையால் ஃபியூஸைப் பிடுங்கினார்.

குண்டு பல்பு அணைந்தது.

வெளியே வந்து பார்த்தார். மூலையில் சாக்கு படபடத்தது. அதற்குக் கீழே யாரும் நிற்கவில்லை.

வரப்பின் மேல் அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கு நினைவில்லை. போன வருஷம் அவர் மாலை போட்டுவிட்டு வந்த அந்த மேற்கு ஊர் ஆளின் கால்விரல்கள் மட்டும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

தமிழ்மொழி சோளத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மட்டையின் தலையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் மூச்சிரைப்பு கேட்டு நிமிர்ந்தாள்.

"கொடிகிட்டவே வுழுந்துச்சுப்பா. ஆனா உள்ள உருண்டு போயிடுச்சு. மட்டைய வுட்டு இழுத்தேன், சடசடன்னு நெருப்பு பறந்துச்சு. இன்னாதிது?"

மட்டையின் தலையில், கீறல்களுக்கு நடுவில், மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொத்தல் விழுந்திருந்தது. அவள் கை இன்னும் அந்தத் தடித்த ரப்பர் பிடியைத்தான் பற்றியிருந்தது. தனசேகரன் அந்தப் பிடியையே பார்த்தார். கடையில் வேண்டாம் என்ற மற்ற மட்டையின் பிளந்த ரப்பரும், உள்ளே தெரிந்த இரும்பும் கண்ணில் வந்து நின்றன. அவள் தலையைத் தொட்டார், தோளைத் தொட்டார்.

அவள் குனிந்து சோளத்தின் அடியில் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே கம்பி ஓடியது. அதைக் கண்ணாலேயே தொடர்ந்து போனாள், வரப்பு நெடுக, கொட்டகை வரைக்கும். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள். பிடுங்கிய ஃபியூஸ் அந்தக் கையில்தான் இருந்தது. அவருக்கே அப்போதுதான் அது தெரிந்தது.

"பன்னிக்கிம்மா," என்றார். "கதிரு முத்தற வரைக்குந்தான்."

அவள் நிமிர்ந்து சாக்கைப் பார்த்தாள்.

"எனக்காவ நட்டு வெச்சன்னு நெனச்சேம்ப்பா."

மகள் எழுந்து போய்க் கழியைப் பிடித்தாள். இரண்டு கையாலும் ஆட்டி மண்ணிலிருந்து பிடுங்கப் பார்த்தாள்.

"அதப் புடுங்காத," என்றார் தனசேகரன். பழக்கத்தில் வந்துவிட்டது. "சாக்கு இல்லன்னா ஜனங்க தெரியாம வந்துரும்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அவள் காதில் முன்னாலேயே விழுந்துவிட்டது. கழியிலிருந்து கையை எடுத்தாள். அப்பாவை ஒரு அன்னியரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அப்ப இன்னிக்கும் போடுவியா?"

போட மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் சோளத்துக்குள் எங்கோ தட்டை முறிகிற சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு வரிசையாக. உறுமல் கேட்டது. பன்றிகள் உள்ளே வந்துவிட்டன. அவர் தலை தன்னால் அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு நொடிதான் திரும்பியது. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மேற்கே மாயவன் கொல்லை மூலையில் ஒரு சாக்கு வெளுப்பாகத் தெரிந்தது. அதற்கப்பால் இன்னொன்று. அடிவாரம் நெடுக, இருட்டுகிற வெளிச்சத்தில், வெள்ளை வெள்ளையாக நின்றுகொண்டிருந்தன. வந்த நாளிலிருந்து அவற்றை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குருவி விரட்டக் கட்டியது என்று நினைத்திருந்தாள்.

பந்தை எடுக்கவில்லை. திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள். "நான் வரேம்மா கூட," என்றார் அவர். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அவள் பிறந்து வளர்ந்த கரம்பு. கண்ணை மூடிக்கொண்டு ஓடி விளையாடிய இடம். அதில் ஒவ்வோர் அடிக்கும் முன்னால், அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த அந்த மட்டையால் புல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிறகு காலை வைத்தாள். ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் தனசேகரன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.